டேடும் ரொமானோவும்: அலுமினிய நச்சைத் தாங்கும் பீன்ஸ் ரகங்களைத் தேடிய ஆய்வுகள்

பயிர் சரியாக வரவில்லை என்றால் உரம் போதவில்லை என்றுதான் முதலில் நினைப்போம். மண்ணில் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி இருந்து வேரைக் கெடுக்கிறது என்ற சந்தேகம் வர நாளாகும். அந்த ஒன்று அலுமினியம் என்றால் இன்னும் நாளாகும். அலுமினியம் தாக்கிய செடியின் இலையைப் பார்த்தால் மணிச்சத்துக் குறைபாடு போலவோ சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு போலவோதான் தெரியும். உரம் போடுவோம், செடி தேறாது. கேடு வேரில் இருக்கிறது, அதைத் தோண்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்த நச்சைத் தாங்கும் பீன்ஸ் ரகங்களை எப்படித் தேடினார்கள் என்பதைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. தலைப்பில் உள்ள டேடும் ரொமானோவும் அந்தத் தேடலில் எதிரெதிராக நின்ற இரண்டு பீன்ஸ் ரகங்கள். தொடக்கம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெல்ட்ஸ்வில் என்னும் ஊரில் உள்ள அந்நாட்டு வேளாண்துறையின் ஆராய்ச்சி மையத்தில். பிறகு அது கொலம்பியாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. பத்து ரகத்தை விதைத்து எது நன்றாக வளர்கிறது என்று பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. எந்தக் கரைசலில், எத்தனை மணி நேரம், வேரின் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து 'தாங்கும் ரகம்' என்ற பட்டமே கைமாறிவிடுகிறது. பீன்ஸில் நடந்த வேலையைப் படிக்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது.

அமில மண்ணில் என்ன நடக்கிறது

பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை சுமார் 8 சதவீதம் அலுமினியம். ஆக்சிஜன், சிலிக்கான் இவற்றுக்கு அடுத்து மிகுதியாக உள்ள தனிமம் அதுதான். களிமண் என்று நாம் சொல்வதே பெரும்பாலும் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த கனிமங்கள். மண்ணின் பி.எச். (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 5.5-க்கு மேல் இருக்கும்வரை அது கரையாமல் கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. 5-க்குக் கீழே போகப் போக, மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாக மண்நீரில் கரைந்து வரத் தொடங்குகிறது. வேருக்கு விஷம் இந்த வடிவம்தான். அதற்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தாலே போதும்.

மழை அதிகமுள்ள மலைகளில் கால்சியமும் மெக்னீசியமும் ஆண்டுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டு மண் தானாகவே புளித்துப்போகும். உலகில் பனி மூடாத நிலத்தில் சுமார் 30 சதவீதம் அமில மண். பயிரிடத் தகுந்த நிலத்தை மட்டும் எடுத்தால் பாதி வரை அப்படி இருக்கலாம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் பீன்ஸ் போடும் சரிவுகள் பலவும் இந்த வகையில்தான் சேரும். ஊட்டியில் வேலியோரம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதே மண்ணில் அலுமினியம் கரைந்திருப்பதால்தான். தேயிலைச் செடி அலுமினியத்தைத் தாங்குவதோடு தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். பக்கத்து நிலத்தில் தேயிலை செழிப்பாக நிற்கிறது என்பதால் அங்கே பீன்ஸும் வரும் என்று நம்ப முடியாது.

சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடாதா? மேல்மண் சரியாகும். ஆனால் சுண்ணாம்பு கீழே இறங்க ஆண்டுகள் பிடிக்கும். கலப்பை போகும் ஆழத்துக்கு அடியில் மண் அதே அமிலத்தன்மையோடுதான் இருக்கும். பீன்ஸ் வேர் அந்த எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். ஒரு வாரம் மழை தவறினால், கீழே ஈரம் இருந்தும் எட்ட முடியாமல் செடி வாடும். தாங்கும் ரகம் வேண்டும் என்ற தேவை இங்கேதான் வருகிறது. சுண்ணாம்பை விட்டுவிடுவதற்காக அல்ல, சுண்ணாம்பு எட்டாத ஆழத்துக்காக.

வேரைப் பார்ப்பது

மண்ணில்லாமல், சத்துகளைக் கரைத்த நீரில், அதாவது சத்துக்கரைசலில் வளர்ந்த நல்ல பீன்ஸ் நாற்றின் வேர் வெள்ளையாக, நுனி கூராக, பக்கவேர்கள் மெல்லியதாக நிறைய விட்டிருக்கும். அதே கரைசலில் அலுமினியம் சேர்த்தால் சில மணி நேரத்திலேயே நீட்சி மட்டுப்படுகிறது. அப்புறம் நுனி தடிக்கும், பழுப்பேறும். நுனிக்குச் சற்று மேலே தோல் குறுக்கே வெடித்திருக்கும். பக்கவேர்கள் வெளியே வந்தும் நீளாமல், பவளக்கிளை போல குட்டையாகத் தடித்து நிற்கும். மெல்லிய வேர்கள் இல்லை என்றால் மணிச்சத்தை எடுக்க வழியில்லை. இலை மணிச்சத்துக்கு ஏங்குவது போலத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

அலுமினியம் வேர்நுனியில் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே கால்சியம் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் சுவர் விறைத்து, செல் நீள முடியாமல் போகிறது. பெரும்பாலான பயிர்களில் அது வேரிலேயே தங்கிவிடும். இலைக்கு அதிகம் ஏறாது. அதனால் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பி அலுமினியம் எவ்வளவு என்று பார்ப்பதில் பயனில்லை. அமில மண்ணின் இன்னொரு நச்சான மாங்கனீசு இதற்கு நேர்மாறு. அது இலையில் போய்ச் சேர்ந்து, பழுப்புப் புள்ளிகளும் சுருக்கமுமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாங்கனீசுக்கு இலையைப் பார்க்க வேண்டும், அலுமினியத்துக்கு வேரைப் பார்க்க வேண்டும். வயலில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

பெல்ட்ஸ்வில்லில் நடந்தது

சி. டி. ஃபாய் பெல்ட்ஸ்வில்லில் பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவர். கோதுமை, பார்லி, சோயா என்று பல பயிர்களின் ரகங்களை அமில மண்ணில் வளர்த்து ஒப்பிட்டார். 1967-இல் அவரும் பீன்ஸ் நோய்களில் கைதேர்ந்த டபிள்யூ. ஜே. ஸாமயர் உள்ளிட்ட கூட்டாளிகளும் உலர்பயறு பீன்ஸ், காய்க்காகப் பறிக்கும் பீன்ஸ், லைமா பீன்ஸ் ஆகிய மூன்றிலும் ரகத்துக்கு ரகம் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பரிமாற்ற அலுமினியம் (மண்துகளில் ஒட்டியிருந்து மண்நீருக்கு வரக்கூடியது) அதிகமுள்ள ஓர் அமில மண்.

இவ்வகைச் சோதனையின் அடிப்படை எளிது. அதே மண்ணில் ஒரு பகுதிக்குச் சுண்ணாம்பு சேர்த்து, மறு பகுதியை அப்படியே விட்டு, ஒவ்வொரு ரகத்தையும் இரண்டிலும் வளர்க்க வேண்டும். சுண்ணாம்பில்லாத தொட்டியின் விளைச்சலைச் சுண்ணாம்பிட்ட தொட்டியின் விளைச்சலால் வகுத்து, அந்த விகிதத்தை வைத்துத்தான் ரகங்களை ஒப்பிட வேண்டும். இந்த வகுத்தலை விட்டுவிட்டால் இயல்பிலேயே கொழுகொழுவென்று வளரும் ரகம் நச்சைத் தாங்குவதாகத் தோன்றும். இயல்பிலேயே குட்டையான ரகம் தோற்றதாகத் தோன்றும். ரகப் பரிசோதனை என்ற பெயரில் சுண்ணாம்பிட்ட தொட்டி இல்லாமல் வந்த எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

இன்னொன்று: பீன்ஸ் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவும் அமில மண்ணில் அடிபடும். செடி வெளுத்தால் அது வேரின் தோல்வியா பாக்டீரியாவின் தோல்வியா என்று தெரியாது. தழைச்சத்தை உரமாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இராது.

இப்படி வடிகட்டி எடுத்ததில் கடைசியாக இரண்டு ரகங்கள் நின்றன. டேட் அலுமினியத்தைத் தாங்கியது. தட்டைக் காய் காய்க்கும் ரொமானோ தாங்கவில்லை. 1972-இல் ஃபாயும் கூட்டாளிகளும் இந்த இரண்டை மட்டும் வைத்தே தனி ஆய்வு வெளியிட்டார்கள். இதை மேலோட்டமாகப் படிப்பவர்கள் பல ரகங்களில் தொடங்கி இரண்டில் முடித்துவிட்டார்களே என்று நினைக்கலாம். உண்மையில் அந்த இரண்டும்தான் அடுத்த இருபதாண்டு வேலைக்குக் கருவி. நன்றாகத் தாங்கும் ஒன்று, சற்றும் தாங்காத ஒன்று என எதிரெதிரான ஜோடி கைக்குக் கிடைத்தால்தான் 'ஏன்' என்ற கேள்வியைக் கேட்க முடியும்.

ஆனால் மண்ணில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அமில மண்ணில் அலுமினியம் மட்டுமா இருக்கிறது? மாங்கனீசு கூடுதல், ஹைட்ரஜன் அயனி கூடுதல், மணிச்சத்து குறைவு, கால்சியம் குறைவு, மாலிப்டினம் குறைவு. இவற்றில் எதை டேட் தாங்கியது? இது ஏதோ நுணுக்கம் பார்ப்பவர்களின் கேள்வி இல்லை என்பதை ஃபாய் குழுவே கோதுமையில் காட்டியது. 1973-இல் வந்த அந்த ஆய்வில் அட்லஸ் 66 என்ற கோதுமை அலுமினியத்தைத் தாங்கியது, மாங்கனீசுக்குத் தோற்றது. மோனான் என்ற கோதுமை மாங்கனீசைத் தாங்கியது, அலுமினியத்துக்குத் தோற்றது. 'அமில மண்ணைத் தாங்கும் ரகம்' என்று பொதுவாகச் சொல்லி விதை கொடுத்தால், ஒரு ஊரில் பிழைத்த ரகம் அடுத்த ஊரில் படுத்துவிடும். இரண்டு ஊரிலும் பி.எச். ஒன்றாகவே இருந்தாலும்கூட. மழைக்காலத்தில் நீர் தேங்கும் வயலில் மாங்கனீசு இன்னும் கரைந்து வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மண்ணை விட்டுச் சத்துக்கரைசலுக்குப் போனார்கள். கரைசலில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

எழுபது மடங்கு

1991-இல் வந்த ஆய்வு இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. மியாசாகா, பூட்டா, ஹாவல், ஃபாய் ஆகிய நால்வர் டேடையும் ரொமானோவையும் அலுமினியம் உள்ள கரைசலிலும் இல்லாத கரைசலிலும் எட்டு நாள் வளர்த்தார்கள். கிருமியே இல்லாத நிலையில் வளர்த்ததுதான் இதில் முக்கியம். வேர் வெளியே விடும் கரிம அமிலங்களைப் பாக்டீரியா உடனுக்குடன் தின்றுவிடும். சாதாரணக் கரைசலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, வேர் எதையும் விடவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். விதையைக் கிருமி நீக்கி, கலத்தைக் கிருமி நீக்கி, எட்டு நாள் அப்படியே காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. பீன்ஸ் விதையின் தோல் எளிதில் வெடிக்கும், உள்ளே பூஞ்சை ஒளிந்திருக்கும்.

பிறகு கரைசலை எடுத்துப் பகுத்தார்கள். அலுமினியத்தில் வளர்ந்த டேட் விட்ட சிட்ரிக் அமிலம், அலுமினியமில்லாமல் வளர்ந்த டேட் விட்டதைப்போல் 70 மடங்கு. ரொமானோ விட்டதைப்போல் 10 மடங்கு. ரொமானோவோ அலுமினியம் இருந்தபோது ஏதோ கொஞ்சம்தான் கூட்டியது.

எலுமிச்சைச் சாற்றில் உள்ள அதே அமிலம்தான் இது. சிட்ரிக் அமிலம் அலுமினியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கவ்வப்பட்ட அலுமினியம் செல்சுவரில் ஒட்டாது. அதாவது டேட் நச்சை உள்ளே விட்டுச் சமாளிக்கவில்லை. வேர்நுனிக்கு வெளியிலேயே அதன் பல்லைப் பிடுங்கியது.

இந்த ஆய்வில் என் மதிப்பைப் பெற்றது 70 என்ற எண்ணைவிட அதன் கடைசிப் பகுதி. அலுமினியம் மணிச்சத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். கரைசலில் அலுமினியம் சேர்த்தால் மணிச்சத்து தானாகவே குறைகிறது. மணிச்சத்து குறைந்தாலும் சில செடிகள் சிட்ரிக் அமிலம் விடும். படிந்துபோன மணிச்சத்தைக் கரைத்து எடுக்க அது உதவும். அப்படியென்றால் டேட் அலுமினியத்தைக் கண்டு அமிலம் விட்டதா, மணிச்சத்துப் பசியால் விட்டதா? எங்கள் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இப்படி எழுதியதால்தான் அடுத்து வந்தவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தது. எட்டு நாள் என்பதே பிரச்சினை என்று அதில் தெரிகிறது. அத்தனை நாளில் முதல் விளைவும் அதன் தொடர்விளைவுகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மணிச்சத்துப் பசி வருவதற்கு முன்பே, மணிக்கணக்கில் பார்க்க வேண்டும்.

கொலம்பியாவும் ஹனோவரும்

கொலம்பியாவில் காலி நகருக்கு அருகே உள்ள சி.ஐ.ஏ.டி. என்ற பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தில் உலகின் மிகப் பெரிய பீன்ஸ் விதைச் சேகரிப்பு இருக்கிறது. அங்கிருந்த இடுபுலபாட்டி ராவும், ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் ஹார்ஸ்டும், ஆய்வாளர் ஆண்ட்ரெஸ் ரான்ஹெலும் சேர்ந்து இதைத் தொடர்ந்தார்கள்.

முதல் தடை எதிர்பாராத இடத்தில் வந்தது. அலுமினியம் கரைந்திருக்க வேண்டுமானால் கரைசலின் பி.எச். 4.5 அளவில் இருக்க வேண்டும். பீன்ஸ் வேருக்கு அந்த அமிலத்தன்மையே தாங்கவில்லை! 5.5-ஐவிட 4.5-இல் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு. இதிலும் ரகத்துக்கு ரகம் வேறுபாடு இருந்தது. எனவே அலுமினியக் கரைசலில் ஒரு ரகம் பின்தங்கினால், அது அலுமினியத்தாலா வெறும் அமிலத்தாலா என்று சொல்ல முடியாத நிலை. 2005-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் பொருளே இதுதான். கரைசலில் கால்சியத்தைக் கூட்டியபோது அமிலத்தின் கேடு தணிந்தது. ஆனால் கால்சியம் அலுமினியத்தின் வீரியத்தையும் கொஞ்சம் குறைக்கும். அதனால் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும். கரைசலில் வேறு எதையும் அதிகம் போடாமல் கால்சியம், பொட்டாசியம், போரான் மட்டும் வைத்தார்கள். மணிச்சத்து அறவே இல்லை. அலுமினியத்தோடு சேர்ந்து படிய எதுவுமில்லை. நாற்று விதையில் உள்ள சேமிப்பிலேயே ஒன்றிரண்டு நாள் சமாளித்துக்கொள்ளும். அதற்குள் அளந்துவிடலாம்.

அடுத்து 2007-இல் புதிய ஜோடி ஒன்று. கிம்பாயா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மரபைச் சேர்ந்த, தாங்கும் பீன்ஸ். வாக்ஸ் 1 என்பது பாக்டீரியா இலைக்கருகலை எதிர்ப்பதற்காக வேறொரு பீன்ஸ் இனத்தைக் கலந்து உருவாக்கிய ஆய்வு ரகம். அது அலுமினியத்தைத் தாங்காது. இரண்டையும் அலுமினியக் கரைசலில் வைத்து மணிக்கு மணி வேர்நீளத்தைப் பார்த்தார்கள்.

முதல் சில மணி நேரம் இரண்டும் ஒரே மாதிரி அடிபட்டன. தாங்கும் ரகம், தாங்காத ரகம் என்ற வித்தியாசமே இல்லை. அதன் பிறகு கிம்பாயா மெல்ல எழுந்து, 24 மணி நேரத்தில் அலுமினியமில்லாத வேரின் வேகத்தை எட்டிவிட்டது. வாக்ஸ் 1 மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போனது.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் சோதனையை முடித்திருந்தால் கிம்பாயா தோற்ற ரகம். ஒரு நாள் பொறுத்திருந்தால் வென்ற ரகம். கோதுமையில் இந்த வித்தியாசம் வராது. தாங்கும் கோதுமை அலுமினியம் பட்ட சில நிமிடங்களிலேயே மாலிக் அமிலத்தை விடத் தொடங்கிவிடும், அதற்கான வாயில், அதாவது அமிலத்தை வெளியே அனுப்பும் புரதம், முன்பே திறக்கத் தயாராக இருக்கிறது. பீன்ஸ் அப்படியில்லை. வாயிலையே புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கோதுமைக்கு எழுதிய சோதனை முறையை அப்படியே பீன்ஸுக்கு எடுத்துக்கொண்டால் நல்ல விதையைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

இடமும் அப்படித்தான். மக்காச்சோளத்தில் அலுமினியம் முக்கியமாகத் தாக்குவது வேர்நுனியின் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள். பீன்ஸில் அதற்கு மேலேயுள்ள நீளும் பகுதியில் மட்டும் அலுமினியம் பட்டாலும் வளர்ச்சி குறைந்தது. ஹீமாடாக்சிலின் சாயத்தில் வேரை நனைத்து, நுனி எவ்வளவு ஊதாவாகிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கும் முறை 1978-இல் கோதுமைக்காக வந்தது. விரைவானது, மலிவானது. பீன்ஸுக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் எந்த நேரத்தில், எத்தனை மில்லிமீட்டர் வரை பார்க்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

2010-இல் இதே குழு மரபணுக்களைப் பார்த்தது. சிட்ரிக் அமிலத்தை வெளியே அனுப்பும் மேட் என்ற வகைக் கடத்திப் புரதத்தின் மரபணு அலுமினியம் பட்டதும் கூடுதலாக வேலை செய்தது. கிம்பாயாவில் மட்டுமில்லை, வாக்ஸ் 1-இலும்! வாயில் இரண்டு வீட்டிலும் திறந்தது. வாக்ஸ் 1-இல் வெளியே அனுப்பச் சரக்கு தீர்ந்துவிட்டது. செல்லுக்குள் சிட்ரிக் அமிலத்தைத் தொடர்ந்து தயாரிக்கும் திறன்தான் கிம்பாயாவின் பலம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கடத்தி மரபணு ஒன்றை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு ரகத் தேர்வு செய்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம்: இரண்டுமே தேறியதாக வரும்.

கரைசலில் இருந்து மறுபடி மண்ணுக்கு

இவ்வளவு நுணுக்கமாகக் கரைசலில் கண்டது வயலில் நிற்குமா? நிற்கும் என்று தானாக நம்பிவிட முடியாது. அமில மண்ணில் வேர் நிற்பதும் வறட்சி தாக்குவதும் சேர்ந்தே வருகின்றன. கரைசலில் நீரை வேருக்கு எளிதில் கிடைக்காமல் செய்யும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளைக் கலந்து வறட்சியை உண்டாக்கிப் பார்த்தபோது, எதிர்பார்ப்புக்கு மாறாக, வாக்ஸ் 1 வேர்நுனியில் சேர்ந்த அலுமினியம் குறைந்தது. நீர் இழந்த செல்சுவரின் துளைகள் சுருங்கியதால் அலுமினியம் உள்ளே புகவில்லை. உண்மையான மண்ணிலோ காயக் காய மண் இறுகும், மண்நீரில் அலுமினியம் செறியும். ஆகவே இரண்டு நெருக்கடிகளையும் தனித்தனியே அளந்து கூட்டிக்கொள்ளும் கணக்கு பீன்ஸில் செல்லாது.

அதனால் 2011-இல் வந்த வேலையில் கரைசலோடு நிறுத்தாமல், அமில மண் நிரப்பிய நீள் உருளைகளில் செடி வளர்த்து, ஈரத்தோடும் காயவிட்டும் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தார்கள். சாதாரண பீன்ஸோடு அதன் உறவினங்களையும் சேர்த்தார்கள். சிவப்புப் பூப்பூக்கும் ரன்னர் பீன்ஸ் அலுமினியத்தைத் தாங்குவதில் முன்னே நின்றது. குளிர்ந்த, மழை மிகுந்த மலைகளில் பிறந்த இனம் அது. அதை வறட்சி தாங்கும் செர் 16 என்ற ஆய்வு ரகத்தோடு கலந்து, பிறந்த வாரிசுகளை மறுபடி கரைசலிலும் மண்ணிலும் சோதித்தார்கள்.

நம் மலைப்பகுதிகளில் பீன்ஸ் ரகங்களை இப்படிச் சோதிக்க நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் மேல்மண் இல்லை. ஒரு முழம் ஆழத்து மண்ணை எடுத்து பி.எச்., பரிமாற்ற அலுமினியம், மாங்கனீசு மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். உருளையில் நிரப்ப வேண்டியதும் அந்த மண்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் சுண்ணாம்பிட்ட இணை ஒன்று கட்டாயம். நாற்றுச் சோதனை என்றால் ஒரு நாளுக்குக் குறையாமல், நடுவில் சில முறை அளந்து, அலுமினியமில்லாத அதே பி.எச். கரைசலோடு ஒப்பிட வேண்டும். தழைச்சத்தை வெளியிலிருந்து கொடுத்துவிட வேண்டும். இலையில் பழுப்புப் புள்ளி கண்டால் மாங்கனீசுக்குத் தனியாக ஒரு வரிசைத் தொட்டி வைக்க வேண்டும். அறுவடை நாளில் காயை எடை போட்டதோடு கிளம்பிவிடாமல், மண்ணைக் கழுவி வேரை வெளியே எடுத்து, பக்கவேர்களின் நீளத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.